இரண்டு இரவுக்கு எந்த வண்டி? நகரை ஒட்டிய முகாமுக்கு வாடகை வண்டிகள், ஓர் ஒப்பீடு

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பினால் கையில் இருப்பது 48 மணி நேரம். தூக்கத்துக்கு 16 போனால் மீதி 32. வீடு போலப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியை வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேர் படுக்கலாம்?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. அந்த 32 மணியில் வண்டிக்கே எத்தனை மணி போகும்?

பத்து நாள் பயணம் என்றால் வண்டியைப் பழகிக்கொள்ள அரை நாள் போனாலும் தெரியாது. நகரிலிருந்து ஒன்றிரண்டு மணி தூரத்தில் உள்ள காட்டுக்கோ ஏரிக்கரைக்கோ போய்வரும் பயணத்தில் அந்த அரை நாள் பெரிய இழப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியைக் கொடுப்பவர் ஒவ்வொரு சுவிட்சையும் குழாயையும் விளக்கிக் காட்ட ஒரு மணி. வீட்டிலிருந்து சாமான் ஏற்ற ஒரு மணி. முகாமில் நிறுத்தி, மட்டம் பார்த்து, மின்சாரமும் தண்ணீரும் இணைக்க அரை மணி; கிளம்பும்போது அதையே பிரிக்க இன்னொரு அரை மணி. கழிவுத் தொட்டியைக் காலி செய்து, உள்ளே துடைத்து, எரிபொருள் நிரப்பித் திருப்பிக் கொடுக்க இரண்டு மணி. ஆக ஐந்து மணி நேரம். இதை எந்த வண்டி எவ்வளவு குறைக்கிறது என்பதை வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

பேருந்து அளவு மோட்டார் ஹோம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேருந்து அல்லது லாரியின் அடிச்சட்டத்தில் கட்டப்படும் இந்த வகை 8 மீட்டரில் தொடங்கி 13 மீட்டர் வரை நீளும். மைலேஜ் லிட்டருக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர். உள்ளே வசதிக்குக் குறைவே இல்லை. ஆனால் நகருக்கு அருகில் உள்ள பழைய முகாம்களில் பலவற்றின் இடங்கள் கார்களையும் கூடாரங்களையும் மனதில் வைத்து அமைத்தவை. முன்பதிவுப் பக்கத்தில் "அதிகபட்ச நீளம்" என்று ஒரு வரி இருக்கும். இந்த வண்டி பெரும்பாலும் அங்கேயே அடிபட்டுவிடும். வார இறுதிக்கு வேண்டாம்.

ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ள மோட்டார் ஹோம்

வாடகை நிறுவனங்களில் குடும்பங்கள் அதிகம் எடுப்பது இதைத்தான். முன்பக்கம் வேன், பின்பக்கம் பெட்டி வீடு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே துருத்திக்கொண்டு ஒரு படுக்கை. நீளம் 6 முதல் 10 மீட்டர். உயரம் 3 மீட்டருக்கு மேல். குழந்தைகளுக்கு அந்த மேல்படுக்கை தனி உலகம். ஏறியவர்கள் இறங்க மாட்டார்கள். மழை பிடித்துக்கொண்டால் நான்கைந்து பேர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, விளையாட இடம் உண்டு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதன் அருமை மழை நாளில்தான் தெரியும்.

ஓட்டுவதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது உயரம். கார் ஓட்டியே பழகியவருக்குத் தலைக்கு மேல் இவ்வளவு இருப்பது நினைவில் நிற்பதில்லை. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடிக்கு அருகே ஒட்டிவிடுங்கள். நகருக்குள் தாழ்ந்த பாலங்களும் இரண்டு மீட்டர் உயரமே உள்ள வாகன நிறுத்தங்களும் நிறைய. இரண்டாவது, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால். நாம் வலதுபக்கம் ஒடித்தால் அந்த வால் இடதுபக்கம் வெளியே வீசும். என் முதல் பயணத்தில் எரிபொருள் நிலையத்திலிருந்து திரும்பும்போது பின்மூலை ஒரு தடுப்புக் கம்பத்தில் உரசிக் கீறல் விழுந்தது. முன்னால் தாராளமாக இடம் இருந்தது. பின்னால் என்ன நடக்கும் என்று வண்டியைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. முன்பணத்தில் கணிசமான பகுதி போனது. இப்போதெல்லாம் யார் எடுத்தாலும், காலியான ஒரு மைதானத்தில் பத்து நிமிடம் மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாலையில் ஏறச் சொல்கிறேன்.

இன்னொன்று, முகாமில் நிறுத்தியபின் பால் வாங்கக் கடைக்குப் போக வேண்டும் என்றாலும் இந்த வீட்டையே கிளப்பியாக வேண்டும். இணைப்புகளைப் பிரித்து, பாத்திரங்களை அடுக்கி, போய்வந்து மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். நேரக் கணக்கில் இந்த வகைக்கு ஐந்து மணி முழுதாகப் போகும்.

கேம்பர் வேன்

மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபியட் டுகாட்டோ, ஃபோர்டு டிரான்சிட் போன்ற சரக்கு வேன்களின் உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டியவை. நீளம் சுமார் 6 மீட்டர். இதைவிடச் சிறிய, கூரையைத் தூக்கிவிடும் வகையும் உண்டு. அதற்கு நீண்ட மரபு இருக்கிறது. 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கை, அலமாரி எல்லாம் அடங்கிய பெட்டித் தொகுப்பைப் பொருத்தித் தந்தது. அந்த வேனின் நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். வார நாளில் வேலை வண்டி, வார இறுதியில் வீடு. நகரை ஒட்டிய முகாமுக்கு அன்றைக்கே பொருந்திய யோசனை அது.

இன்றைய வேனும் கிட்டத்தட்டப் பெரிய கார் ஓட்டுவது போலத்தான். மைலேஜ் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர் வரும். முகாமுக்குப் போனதும் நிறுத்தி, திரையை இழுத்துவிட்டால் வீடு தயார். காலையில் நடைபாதை தொடங்கும் இடம் வரை ஓட்டிப் போய், அங்கேயே தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மலையேறலாம். என் கணக்கில் இதற்குப் போவது மூன்று மணி நேரம், சில சமயம் இன்னும் குறைவு.

குறை என்னவென்றால் இடம், அதுவும் மழையில். ஈர உடையைத் தொங்கவிட இடம் இருக்காது. ஒருவர் எழுந்தால் மற்றவர் நகர வேண்டும். இருவருக்கு நிறைவு, மூவருக்கு நெருக்கம். விளம்பரத்தில் "நால்வர் படுக்கலாம்" என்று இருந்தாலும், எத்தனை இருக்கைகளுக்கு சீட் பெல்ட் இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். நான்கு படுக்கையும் இரண்டே பெல்ட்டும் உள்ள வேன்கள் இருக்கின்றன. குழந்தை இருக்கையைப் பொருத்த முடியுமா என்பதையும் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

நாமே இழுத்துப் போகும் டிரெய்லர்

ஏற்கெனவே இழுக்கும் கொக்கி பொருத்திய கார் வைத்திருப்பவருக்கு மட்டும் இது நல்ல வழி. வாடகை மோட்டார் ஹோமைவிடக் குறைவாக இருக்கும், எஞ்சின் இல்லையே. முகாமில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் சுற்றலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் இழுப்பது ஒரு கலை, அதைக் கற்கும் இடம் வெள்ளிக்கிழமை மாலை நெரிசல் அல்ல. உள்ளே சாமானை எங்கே வைக்கிறோம் என்பதே உயிர் காக்கும் விஷயம். கனமான பொருளெல்லாம் சக்கர அச்சுக்குப் பின்னால் போனால், வேகம் ஏறியதும் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையே இழுத்துப் புரட்டக்கூடும். வட அமெரிக்காவில், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது வழக்கமான அளவு. ஐரோப்பிய வடிவமைப்பில் அது குறைவு. உங்கள் காரின் கையேட்டில் இழுக்கும் எடை, கொக்கி தாங்கும் எடை இரண்டும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். உரிமமும் எடையைப் பொறுத்தது, நாட்டுக்கு நாடு மாறும்.

ரிவர்ஸ் எடுக்க ஒரு எளிய வழி: ஸ்டியரிங்கின் கீழ்ப்பகுதியைப் பிடியுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். இது தெரிந்தபின் முகாமில் எனக்கிருந்த பதற்றம் பாதி குறைந்தது. ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வந்த குழந்தையை "பின்னால் படுக்கவைத்தால் என்ன" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொண்டுவந்து நிறுத்தித் தரும் டிரெய்லர்

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உரிமையாளரே டிரெய்லரை முகாமுக்கு இழுத்துவந்து, மட்டம் பார்த்து, மின்சாரம் இணைத்து, சாவியை வைத்துவிட்டுப் போவார். நாம் நம் காரில் போய் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிறன்று பூட்டிவிட்டு வந்தால் அவரே எடுத்துப் போவார். பல இடங்களில் கழிவுத் தொட்டியையும் அவரே காலி செய்துகொள்கிறார். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

நேரக் கணக்கில் இதை எதுவும் வெல்ல முடியாது. அரை மணி விளக்கம், அரை மணி சாமான் இறக்குவது, அவ்வளவுதான். ஓட்டும் பயம் இல்லை, சாலை விபத்துக்கான இன்சூரன்ஸ் கவலை இல்லை, கார் கையில் இருக்கிறது, குழந்தைகள் பழகிய இருக்கையில் பெல்ட் போட்டு வருகிறார்கள். இது நகரை ஒட்டிய பயணத்துக்கென்றே அமைந்த ஏற்பாடு. கொண்டுவந்து தரும் கட்டணம் தூரத்தை வைத்துத்தான் என்பதால், அருகில் போகிறவருக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெளியார் டிரெய்லர் கொண்டுவந்து நிறுத்துவதைச் சில முகாம்கள் அனுமதிப்பதில்லை. முகாம் அலுவலகத்தைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

எந்த வண்டியானாலும் பயணத்தின் சுகம் கடைசியில் இந்த மூன்றில்தான் நிற்கிறது. வேனில் நல்ல தண்ணீர் 80 முதல் 100 லிட்டர் இருக்கும், மோட்டார் ஹோமில் அதைப்போல இருமடங்கு. ஷவரை நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் ஓடவிட்டால் நால்வர் குளியலில் வேன் தொட்டி காலி. முகாமில் குளியலறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தொட்டியைச் சமையலுக்கும் கை கழுவவும் வைத்துக்கொள்ளலாம்.

கழிப்பறை இரண்டு வகை. வேன்களில் பெரும்பாலும் வெளியே இழுத்தெடுக்கும் பெட்டி, 20 லிட்டருக்குள். இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். எடுத்துச் சென்று ஊற்றிக் கழுவ ஐந்து நிமிடம். பெரிய வண்டிகளில் நிலையான தொட்டியும் குழாயும் இருக்கும். அதைத் திறக்கும் வரிசை முக்கியம்: முதலில் மலக்கழிவு, பிறகு குளியல், பாத்திரம் கழுவிய நீர். இரண்டாவது நீர் குழாயைக் கழுவிவிடும். ஞாயிறு மதியம் காலி செய்யும் இடத்தில் வரிசை நிற்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கூரை ஏசி 1300 முதல் 1500 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால் கிடைப்பது சுமார் 600 வாட் மணி. அரை மணி கூடத் தாங்காது. மின் இணைப்புள்ள இடம் வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர். இரவில் ஜெனரேட்டரைப் பெரும்பாலான முகாம்கள் அனுமதிப்பதில்லை; அனுமதித்தாலும் பக்கத்தில் தூங்குகிறவர்களை நினைக்க வேண்டும். வெயில் காலத்தில் இணைப்பில்லாத இடத்துக்குப் போவதாக இருந்தால் நிழலும் உயரமும் உள்ள இடத்தைத் தேடுங்கள், ஏசியை நம்பாதீர்கள். அடுப்பும் ஹீட்டரும் உள்ள வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் சாவியையே வாங்குவேன்.

யாரிடம் எடுப்பது?

நிறுவனத்தில் எடுத்தால் வண்டி பழுதாகும்போது மாற்று கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அலுவலக நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ஞாயிறு மாலை மூடியிருந்தால் திங்கள் காலை விடுப்பு எடுக்க நேரும். விடுமுறைக் காலத்தில் குறைந்தது மூன்று இரவு என்ற நிபந்தனையும் வரும். அவுட்டோர்சி, ஆர்வி ஷேர், கேம்ப்ளிஃபை போன்ற தளங்கள் வழியாகத் தனி உரிமையாளரிடம் எடுத்தால் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம். பாத்திரம், போர்வையும் பெரும்பாலும் கூடவே வரும். வார இறுதிக்கு நான் உரிமையாளரிடம் எடுப்பதையே விரும்புகிறேன்.

ஒப்பந்தத்தில் இரவு வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். தயாரிப்புக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் ஆகியவை இரண்டு இரவானாலும் பத்து இரவானாலும் ஏறக்குறைய ஒரே சுமை. அதனால்தான் குறுகிய பயணத்தில் ஒரு இரவின் உண்மையான செலவு விளம்பரத்தைவிட வெகுவாகக் கூடுகிறது. வரம்பற்ற கிலோமீட்டர் என்று கூடுதலாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்; அருகில் போகிறவருக்கு அது வேண்டாம். அந்தப் பணத்தை இன்சூரன்ஸில் போடுங்கள். கூரை, அடிப்பகுதி, டயர் சேதத்தைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. மரக்கிளை உரசுவதும் தாழ்ந்த பாலத்தில் இடிப்பதும் கூரையில்தான்.

சரி, எதை எடுப்பது? இருவர் என்றால் யோசிக்காமல் கேம்பர் வேன். சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் என்றால், முகாம் அனுமதித்தால் கொண்டுவந்து நிறுத்தித் தரும் டிரெய்லர். மேல்படுக்கை மோட்டார் ஹோமை நான்கு இரவுக்குக் குறைந்து எடுக்காதீர்கள்; நான்காகிவிட்டால் அதன் இடவசதி கொடுத்த நேரத்துக்கு ஈடாகிவிடும். ஐந்தாறு பெரியவர்கள் என்றால் ஒரு வேனும் பக்கத்தில் ஒரு கூடாரமும். வேனில் சமையல், கூடாரத்தில் தூக்கம். குறட்டை விடுபவரை எங்கே படுக்கவைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம், முடிந்தால் வண்டியை வியாழன் இரவே வாங்கிவிடுங்கள். ஒரு இரவு வாடகை கூடும். ஆனால் சாமானை நிதானமாக வீட்டு வாசலிலேயே ஏற்றிவைத்து, வெள்ளி மதியமே நெரிசலுக்கு முன் கிளம்பினால், வெளிச்சம் இருக்கும்போதே முகாமில் நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்துவிடலாம்.