வாடகை லென்ஸ்: பழைய கீறலுக்குப் புது பில்

எங்கள் கேமரா நடைக்குழுவில் ஒருவருக்கு நேர்ந்தது இது. சென்னையில் ஒரு வாடகைக் கடை. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ், நாளுக்கு 1,200 ரூபாய், டெபாசிட் 10,000. வெள்ளி மாலை எடுத்து, சனி விடியலில் மெரினா, அப்புறம் மயிலை தெப்பக்குளம், ஞாயிறு அதிகாலை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று சுற்றி, திங்கள் காலை திருப்பிக் கொடுத்தாயிற்று. கவுன்டரில் இருந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்து, "ஓகே சார், டெக்னீஷியன் ஒரு தடவ பாத்துட்டா போதும். சாயங்காலம் ஜிபேல வந்துரும்" என்றார். சாயங்காலம் பணத்துக்குப் பதில் இரண்டு போட்டோ வந்தன. ஒன்றில் முன் கண்ணாடியில் ஒரு கோடு. இன்னொன்றில் உள்ளே சிலந்திவலை மாதிரி வெள்ளைப் படிவு. கீறலுக்கு 4,500, ஃபங்கஸ் கிளீனிங்குக்கு 3,000, மீதி 2,500 அனுப்பப்படும் என்று ஒரு மெசேஜ்.

கடையைக் காட்டிக்கொடுத்தது அந்த ஃபங்கஸ்தான். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வலையாகப் படர மாதங்கூட ஆகும். வெள்ளி மாலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் அது முளைக்காது. கடலோர ஊரில், உலர்பெட்டி இல்லாமல் சாதா பீரோவில் அடுக்கிவைக்கும் கடையில்தான் அது வளரும். இதை எடுத்துச் சொன்னதும் 3,000 தள்ளுபடியானது. கீறலுக்கான 4,500 போனது போனதுதான். எடுத்துப்போகும்போது அவர் கையெழுத்திட்ட தாளில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருந்தது. கீறல் முன்பே இருந்தது என்பதற்கு அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை.

எல்லாக் கடையும் இப்படியில்லை. ஒழுங்கான கடைகளில் பொருளைக் கொடுக்கும்போதே அவர்களே டார்ச் அடித்து, "இங்க ஒரு மார்க் இருக்கு, பாத்துக்கோங்க" என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். கடையை எடைபோட இதைவிடச் சுலபமான வழி இல்லை. டார்ச்சை நீங்கள் எடுத்ததும் "அதெல்லாம் வேணாம் சார், நம்ம ஐட்டம் எல்லாம் புதுசு" என்று அவசரப்படுத்தினால் அங்கே எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடை மூடும் நேரத்தில் போகாதீர்கள். ஏமாறுபவர்களில் பலர் ஆபீஸ் முடிந்து ஒன்பது மணிக்கு ஓடிப்போய் வாங்குபவர்கள்தான். கையில் மைக்ரோஃபைபர் துணி, ஊதும் பம்ப், உங்கள் சொந்த மெமரி கார்டு, டார்ச் உள்ள போன் இருந்தால் போதும்.

முதலில் முன் கண்ணாடி. துணியால் துடைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். கைரேகை எண்ணெய் கீறல் மாதிரியே மின்னும். கண்ணாடி மேல் மெல்ல வாயால் ஊதினால் ஆவி படிந்து சில நொடியில் விலகும். விலகியபின்னும் நிற்கிற கோடு கீறல், அல்லது பூச்சு போன இடம். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். அடுத்து லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச்சை விட்டு முன்பக்கம் பாருங்கள். இரண்டொரு தூசு எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது, கவலை வேண்டாம். கிளைவிட்ட நூல்போலத் தெரிந்தால் ஃபங்கஸ். முழுக்க மங்கலான பால்நிறப் படலம் என்றால் அதுவும் ஆகாது, வெயிலுக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகும்.

பிறகு ஃபில்டர் மாட்டும் முன்வளையம். அங்கே சின்ன நசுங்கல் இருந்தால் அந்த லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது. விழுந்த லென்ஸில் உள்கண்ணாடி ஒருபக்கம் சாய்ந்து, படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கலாம். சுவரில் ஒட்டிய காலண்டரையோ நாளிதழையோ நேர் எதிரே நின்று, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரேபோல் மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒன்று மட்டும் மங்கினால் அடி வாங்கியிருக்கலாம். கேனன் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்புக்கு 82 மி.மீ., 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்புக்கு 77 மி.மீ. ஃபில்டர், சரியான அளவு ஃபில்டர் ஒன்றைச் சுற்றிப் பார்த்தாலே வளையம் கோணியிருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும்.

பாடியும், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும், வாடகைக்கு என்றால் படம் பதியும் சென்சாரைப் பார்த்தே ஆகவேண்டும். "சென்சார்ல ஸ்க்ராட்ச்" என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய தொகை பிடுங்கும் வசனம். அப்பர்ச்சர் எஃப்/22 (துளை மிகச் சின்னது), ஐஎஸ்ஓ 100, மேனுவல் ஃபோகஸில் மிக அருகே வைத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ கேமராவை லேசாக அசைத்தபடி எடுங்கள். அசைவதால் சுவரின் கறை கலைந்துவிடும், சென்சார் மேல் இருப்பது மட்டும் கரும்புள்ளியாக நிற்கும். துளை பெரிதாகத் திறந்த எஃப்/2.8-இல் இதே சோதனையைச் செய்தால் ஒன்றும் தெரியாது. சில கடைகள் காட்டுவது அப்படித்தான். திருப்பிக் கொடுக்கும்போது எஃப்/22-இல் எடுத்து நீட்டுவார்கள். ஊதும் பம்பால் போவது தூசு. போகாமல் நேர்கோடாக நிற்பது கீறல். அந்தக் கீறலும் பெரும்பாலும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியில்தான் விழுந்திருக்கும்.

அந்தப் படங்களை அழிக்காதீர்கள். பெரும்பாலான கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒட்டியிருக்கும் எக்சிஃப் தகவலிலும் பாடியின் சீரியல் நம்பரையும் எடுத்த நேரத்தையும் எழுதிவைக்கின்றன. பல புதிய லென்ஸ்களின் சீரியல் நம்பரும் சேர்ந்தே பதிவாகிறது. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நின்று எடுத்த அந்தச் சுவர்ப்படம், புள்ளி எப்போதிருந்தே இருக்கிறது என்பதற்குச் சாட்சி. கையோடு போனில் வெட்டாத ஒரே வீடியோ ஒன்றரை நிமிடம்: கடையின் கவுன்டர், பாடியின் சீரியல் நம்பர் (பெரும்பாலும் அடியில், திரை விரியும் சில மாடல்களில் திரைக்குப் பின்னால்), லென்ஸின் நம்பர், முன் பின் கண்ணாடி, முன்வளையம், லென்ஸ் மாட்டும் மவுண்ட், பேட்டரி. இதைக் கடையின் வாட்ஸப் எண்ணுக்கே அங்கிருந்து கிளம்பும் முன் அனுப்பிவிடுங்கள். படங்களை டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் அதைச் சுருக்கி எக்சிஃபையும் கழற்றிவிடும்.

பேட்டரி மாற்றும் விளையாட்டும் உண்டு. கேனன் எல்பி-இ6 வகை பேட்டரிகளில் பல தலைமுறை: எல்பி-இ6 1800, இ6என் 1865, இ6என்எச் 2130 மில்லி ஆம்பியர்-மணி. எல்லாம் ஒரே உருவம். மெனுவில் பேட்டரித் தகவலைத் திறந்தால் அதன் சார்ஜ் பிடிக்கும் திறன் மூன்று கட்டங்களாகத் தெரியும்; ஒற்றைச் சிவப்புக் கட்டம் என்றால் மதியத்துக்குள் கேமரா படுத்துவிடும். போலி பேட்டரி போட்டால் பல சமயம் பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று கேமராவே புலம்பும். சீட்டில் "ஒரிஜினல் பேட்டரி 2" என்று எழுதி லோக்கல் பேட்டரியைக் கொடுத்து, திரும்பும்போது ஒரிஜினலைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? பேட்டரியின் பெயரையும் வீடியோவில் படித்துவிடுங்கள்.

மெமரி கார்டை வாடகைக் கடையிலும் வாங்காதீர்கள், நடைபாதையிலும் வாங்காதீர்கள். உள்ளே 8 ஜிபி சிப், மேலே 128 என்று ஸ்டிக்கர். கேமராவும் கணினியும் 128 என்றே காட்டும். உண்மைக் கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாகப் போகும், அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் காற்றில். காசிமேட்டில் இரண்டு மணிநேரம் ரா ஃபைலாக (சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் பெரிய ஃபைல்) சுட்டுவிட்டு வீட்டில் திறந்தால் முதல் முந்நூறு படம் மட்டும் இருக்கும், மற்றவை சாம்பல் பட்டை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும். ஒன்றிரண்டு மணிநேரம் எடுக்கும், வியாழக்கிழமையே செய்துவிடுங்கள்.

நாள் கணக்கை வாயால் கேட்டால் போதாது. "ஒரு நாள்" என்பது 24 மணிநேரமா, கடை மூடும்வரையா? சென்னையில் மே, ஜூனில் 5.45 வாக்கிலேயே விடிந்துவிடும், ஜனவரிக் கடைசியில் 6.30 தாண்டும். கடை திறப்பதோ பத்தரைக்கு. ஆக, சனி விடியலுக்கு எடுக்க வேண்டுமென்றால் வெள்ளி மாலை வாங்கியே தீர வேண்டும்; ஞாயிறு விடுமுறை என்றால் திங்கள்தான் திருப்ப முடியும். இதை இரண்டு நாளாகப் போடும் கடையும் உண்டு, நான்காகப் போடும் கடையும் உண்டு. தாமதத்துக்கு மணிக்கணக்கா, முழுநாள் கணக்கா, ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்பதெல்லாம் மெசேஜில் எழுத்தாக வரட்டும்.

ஆதார் ஒரிஜினல், பாஸ்போர்ட் ஒரிஜினல் கேட்டால் கொடுக்காதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் நகலில் "கேமரா வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள். வெற்றுக் காசோலை கேட்கும் கடை என்றால் நடையைக் கட்டுங்கள்.

நம் பக்கத்துத் தவறும் உண்டு, அதற்குக் கடை பணம் கேட்டால் அது நியாயம். மெரினா மணல் ஜூம் வளையத்துக்குள் போனால் சுற்றும்போது நறநறக்கும். மணலில் பையைத் திறந்துவைத்து லென்ஸ் மாற்றுவதால் வருவது அது. அலை ஓரம் நின்றால் உப்புத்துளி கண்ணாடியில் காயும். காய்ந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரம் தொட்ட துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். காசிமேட்டில் ஐஸ்தண்ணீரும் மீன் கழுவிய உப்புநீரும் தெறிக்கும், பையைத் தரையில் வைக்கவே கூடாது. ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை விடியலில் நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடி மேல் பனி படியும். துடைக்காதீர்கள், லென்ஸையும் கழற்றாதீர்கள். அரைமணி முன்னதாகவே பையை மூடியபடி பால்கனியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்தப் பனியைத்தான் சில கடைகள் "உள்ள தண்ணி போயிருக்கு" என்று பில் போடும். தானாகக் காய்ந்து கறையில்லாமல் போனால் அது பனி. உள்ளே வட்டவட்டக் கறை நின்றால்தான் தண்ணீர்.

திருப்பும்போது கிளம்பவே அவசரப்படாதீர்கள். டெக்னீஷியன் இல்லை என்றால் அவர் வரும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். உங்கள் கண்ணெதிரே பார்த்து, சீட்டில் "சரியாகத் திரும்பப் பெற்றோம்" என்று எழுதி வாங்கி, டெபாசிட் கணக்கில் ஏறிய பிறகு லென்ஸ் கைமாறட்டும். அங்கே வழக்கமாக வரும் சில வசனங்களுக்கு விடை தெரிந்திருந்தால் நல்லது. "உள்ள ஏதோ கழண்டு ஆடுது சார்": நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள லென்ஸும், கேனன் ஆர்5, ஆர்6 போலச் சென்சாரே மிதக்கும் பாடியும் அணைத்திருக்கும்போது லேசாகக் கடகடக்கும், இயக்கினால் நின்றுவிடும், பழுதில்லை. "எர்ர் 01 வருது": லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு விட்டுப்போனதைச் சொல்லும் கேனன் எச்சரிக்கை, மவுண்டில் உள்ள பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் அத்தோடு தீரும். "ஃபோகஸ் அவுட்": டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்த படம் மங்கி, லைவ் வ்யூவில் (பின்திரையில்) பார்த்து எடுத்தது துல்லியமாக வந்தால் அது பெரும்பாலும் நாளாவட்டத்தில் வரும் சீரமைப்புக் கோளாறு, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

டெபாசிட்டைத் திருப்பி அனுப்ப என்று கியூஆர் கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது. இன்ஸ்டாகிராமில் மட்டும் இருக்கும், கடை முகவரி இல்லாத, "புக்கிங் அட்வான்ஸ்" கேட்கும் வாடகைப் பக்கங்களும் இதே ரகம். அப்படிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடும்.

கடை பிடித்தம் செய்தே தீருவேன் என்றால், சர்வீஸ் சென்டரின் எழுத்துமூல மதிப்பீடும் பில்லும் கேளுங்கள்; அவர்கள் சொந்தக் கணக்கு செல்லாது என்று மெசேஜில் எழுதுங்கள். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகள் புகார் எண் கைக்கு வந்ததும் இறங்கிவருகின்றன. வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எங்கள் குழுக்காரரின் அந்த 4,500-க்கான மனுவோடு இப்போது இணைக்க முடிந்தது "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" தாளும், ஃபங்கஸுக்குக் கேட்டு அப்புறம் விட்டுக்கொடுத்த மெசேஜும்தான். கவுன்டரில் முன் கண்ணாடியைக் காட்டி எடுத்த ஒரு வீடியோ இருந்திருந்தால் மனுவே தேவைப்பட்டிருக்காது.