வீல் ஹார்ஸ் சி-120க்குப் பின்டயர்: 8.50-ஆ, 10.50-ஆ, 26 அங்குலமா?

பழைய வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குப் பின்டயர் தேய்ந்ததும் வருகிற முதல் ஆசை, இந்தத் தடவை கொஞ்சம் பெரிசாகப் போட்டுவிடலாம் என்பதுதான். பெரிய டயர் போட்ட வண்டி கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1970களில் இண்டியானாவின் சவுத் பெண்டில் செய்த இந்த வண்டியில் டயர் உயரத்தை மாற்றுவதும் கியரை மாற்றுவதும் ஒன்றுதான். என்னிடம் இருப்பது சி-120: 12 குதிரைத்திறன் கோலர் இன்ஜின், முன்னே போக 6 கியர், பின்னே வர 2. மூன்று அளவையும் இதில் மாட்டி ஓட்டிவிட்டேன்.

வண்டிக்குரிய அளவு 23×8.50-12. முதல் எண் டயரின் உயரம், அடுத்தது அகலம், கடைசி ரிம்மின் விட்டம், எல்லாமே அங்குலக் கணக்கு. ஒல்லி டயர்தானே என்று இதை ஒதுக்க வேண்டாம். பனிக்காலத்தில் டிரைவ்வேயைச் சுத்தம் செய்ய இதுதான் நல்லது, ஏனென்றால் ஒல்லி டயர் பனியை அறுத்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொடும், அகல டயர் பனியின் மேலேயே மிதக்கும். பிடிமானத்துக்காக டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டவும் உள்பக்கம் தாராளமாக இடம் இருக்கும். மழை பெய்து ஊறிய புல்தரையில் மட்டும் இது தடம் பதித்துவிடும்.

23×10.50-12 என்பது அதே உயரம், அகலம் மட்டும் 2 அங்குலம் கூடுதல். உயரம் மாறாததால் வேகம் மாறாது, வண்டிக்கு அடியில் தொங்கும் புல்வெட்டி டெக்கின் மட்டமும் மாறாது. காற்றழுத்தத்தை 8, 10 பவுண்டுக்குக் குறைத்து வைத்தால் புல்தரையில் தடமே தெரியாமல் போகும். ரிம்மை மட்டும் கவனிக்க வேண்டும். இதற்கு 8.5 அங்குல அகல ரிம் வேண்டும். பழைய 7 அங்குல அகல ரிம்மிலேயே ஏற்றினால் டயர் உட்காரும்தான், ஆனால் நடுவில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நடுப்பட்டன் மட்டும் தேயும், அகல டயர் வாங்கின பலனே இல்லாமல் போய்விடும்.

அப்புறம் எல்லோரும் ஆசைப்படும் 26×12.00-12. 23 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 183 செ.மீ. ஓடும், 26 அங்குலம் 207 செ.மீ. ஓடும். அதாவது அதே கியரில் வண்டி 13 சதவீதம் வேகமாகப் போகும், இழுவை 11, 12 சதவீதம் குறையும். புல் வெட்டும்போது இது கண்ணுக்கே தெரிந்தது: பிளேடைச் சுற்றுவது இன்ஜினிலிருந்து வரும் பெல்ட், அதற்கும் டயருக்கும் சம்பந்தமில்லை, அதனால் பிளேடு பழைய வேகத்திலேயே சுற்ற, வண்டி மட்டும் முந்திக்கொண்டு போய் அடர்ந்த இடங்களில் வெட்டுப்படாத கீற்றுகளை விட்டுவிட்டு வந்தது. ஒரு கியர் குறைத்தால் ஆமை வேகம். பனியை அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோயருக்கு இன்னும் மோசம், ஈரப்பனியில் ஏற்கெனவே முதல் கியரில்தான் ஓட்டுகிறோம், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோ வண்டி என்றால் மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் பாரம் இழுக்கும்போது பம்புக்கு அழுத்தம் கூடும், எண்ணெய் சூடாகும்.

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது ஹப் விஷயம். பின்சக்கரம் மாட்டும் ஹப்பை ஆக்சிலோடு பிடித்து வைத்திருப்பது, பள்ளத்தில் உட்காரும் கீ என்ற ஒரு சின்ன இரும்புத் துண்டும் செட் ஸ்க்ரூவும்தான். டயர் உயர உயர, தரையில் பிடிமானம் கிடைக்கும்போது அந்தக் கீ தாங்கும் முறுக்கு விசை கூடுகிறது. நான் டயரை மாற்றியபோது செட் ஸ்க்ரூவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போதெல்லாம் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரத்தைக் கழற்றி ஹப்பை இழுத்துப் பார்த்தால், கீயின் ஒரு விளிம்பு மழுங்கிச் சரிந்திருந்தது, பள்ளத்தைச் சுற்றி மசாலாப் பொடி மாதிரி செம்பழுப்புத் துகள். நல்லவேளை, சேதம் கீயோடு போனது. ஆக்சிலின் பள்ளமே அகன்றிருந்தால் செலவு வேறு கணக்கு.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. ஆக்சிலுக்கு மேலே டயர் ஒன்றரை அங்குலம் கூடுதலாக ஏறுவதால் மட்கார்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவு குறையும், சங்கிலி கட்டினால் உரசல் நிச்சயம். பின்பக்கம் தூக்கியதால் வண்டி மூக்கு குத்தி நிற்கும். முன்னால் 16×6.50-8 இருக்கும் இடத்தில் 18×8.50-8 போட்டால் ஓரளவு சரியாகும், ஸ்டீயரிங் கனக்கும். டெக்கைத் திரும்ப மட்டம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிடிமானம் போதவில்லை என்றுதானே பெரிய டயர் தேடுகிறோம்? அதற்கு நேர் மருந்து எடை. 10.50 டயரில் வால்வு உயரம் வரை கார் கண்ணாடி கழுவும் உறையாத வாஷர் திரவம் நிரப்பினால் பக்கத்துக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் சேரும், வார்ப்பிரும்பு வெயிட்டும் மாட்டினால் வண்டி தரையைக் கவ்வும். கால்சியம் குளோரைடு இன்னும் கனமானது, ஆனால் ரிம்மை அரித்துவிடும், ட்யூப் இல்லாமல் ஊற்றவே கூடாது. 50 வருஷத்து ரிம்முக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்பது என் கருத்து.

அதனால் புல்லும் வெட்டி, ட்ரெய்லரும் இழுத்து, ஒரே டயரோடு வருஷம் பூரா ஓட்டுபவர்களுக்கு நான் 10.50தான் சொல்வேன். பனி மட்டும்தான் வேலை என்றால் 8.50ம் சங்கிலியும் போதும். 26 அங்குலத்துக்கு ஒரே ஒரு இடம் கொடுப்பேன்: டெக்கைக் கழற்றிவிட்டு வண்டியை உழவுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள், அம்புப் பட்டன் டயராக வாங்கி, லோ கியரில் ஓட்டினால் கலப்பைச் சாலில் அந்த உயரம் நன்றாக உதவும். மாட்டுவதற்கு முன் கீயைக் கழற்றிப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு செட் ஸ்க்ரூவை மறுபடி முறுக்குங்கள்.