"அசல் 44 மேக்னம்" என்று விற்கப்பட்ட 1892 கார்பைன்: ஓர் எச்சரிக்கை

கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும், அடியிலுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் குட்டை ரைஃபிளான லீவர் ஆக்‌ஷன் கார்பைன் வாங்க எண்ணுவோர், அதிலும் பழைய வின்செஸ்டர் 1892 மாதிரியைத் தேடுவோர், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை வாசிக்க வேண்டுகிறேன். அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஒரு கடையில், துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்னும் அரசுப் படிவத்தை முறைப்படி நிரப்பி, 1,800 டாலர் கொடுத்து நான் வாங்கிய கார்பைனை, "ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் அசல் 44 மேக்னம்" என்று கடைக்காரர் விற்றார். 44 மேக்னம் என்பது மிகுந்த அழுத்தம் உண்டாக்கும் ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா வகை. பழைய 1892 மாதிரியில் அப்படியொரு பொருள் இருக்கவே முடியாது என்பது எனக்குத் தாமதமாகவே தெரியவந்தது.

என்னிடம் 44 மேக்னம் ரிவால்வர் ஏற்கெனவே இருந்தது. கார்பைனும் அதே தோட்டாவை ஏற்குமானால் இரண்டுக்கும் ஒரே பெட்டி போதும். நீண்ட குழலில் குண்டு கூடுதல் வேகமும் பெறும். இந்த ஆசை புதிதன்று. 1873-இல் வின்செஸ்டர் தன் லீவர் துப்பாக்கிக்காகக் கொண்டுவந்த 44-40 தோட்டாவுக்குக் கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே ரிவால்வர் செய்து விற்றது, இதே வசதியை வேண்டியவர்களுக்காகத்தான்.

முதல் நாள் 20 தோட்டாக்களைச் சுட்டேன். ஒவ்வொரு முறையும் லீவரைத் திறக்க வழக்கத்தைவிடக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. வெளியே விழுந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தபோது, விளிம்புக்குச் சற்று மேலே எல்லாமே பருத்திருந்தன. இரண்டில் மயிரிழை போன்ற வெடிப்பும் இருந்தது. அதே பெட்டியிலிருந்து ரிவால்வரில் சுட்ட கூடுகளோ பழுதின்றி வந்தன. கடைக்காரரை அழைத்தேன். வீட்டில் நானே மருந்தடைத்த தோட்டாக்களைச் சுட்டிருப்பேன் என்று குற்றத்தை என் மேலேயே திருப்பினார். நான் பயன்படுத்தியவை முத்திரை உடைக்காத பெட்டியில் வந்த ஆலைத் தோட்டாக்கள்.

துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் செர்ரோசேஃப் என்னும், குறைந்த சூட்டிலேயே உருகும் பிஸ்மத் கலவையை தோட்டா உட்காரும் சேம்பரில் ஊற்றி அச்சு எடுத்து அளந்தார். அதன் அடிப்பகுதி 44-40 தோட்டாவுக்கான அகலத்தில் இருந்தது. 44-40 கூட்டின் அடிப்பகுதி 0.471 அங்குலம், 44 மேக்னத்தின் அடிப்பகுதி 0.457 அங்குலம். யாரோ பழைய 44-40 குழலிலேயே ரீமர் என்னும் துளை அகலப்படுத்தும் கருவியை விட்டு, ஒடுங்கிய கழுத்துப் பகுதியை மட்டும் அகலப்படுத்தியிருக்கிறார்கள். அகலமாக இருந்த அடிப்பகுதியை எந்த ரீமராலும் சுருக்க முடியாதல்லவா? இதனால் அங்கே தாங்குவாரின்றி நின்ற பித்தளை, ஒவ்வொரு வெடிப்பிலும் சேம்பர் சுவரைத் தேடிப் பருத்தது. அழுத்தத்தின் வேறுபாடோ அதைவிடக் கவலைக்குரியது: 44-40 தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு, 44 மேக்னத்துக்கு 36,000 பவுண்டு. கூடு முழுவதுமாகக் கிழிந்திருந்தால் அந்த வாயு என் முகத்தை நோக்கித்தான் வந்திருக்கும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892-இன் பூட்டு அமைப்பு உறுதியானது என்பதால், அதை மேக்னம் தோட்டாக்களுக்கு மாற்றும் வேலையைப் பலர் வெளிப்படையாகவே செய்திருக்கிறார்கள். புதிய குழல் பொருத்தி ஒழுங்காகச் செய்து, மாற்றப்பட்டது என்று சொல்லி விற்றால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கார்பைனில் குழலின் மேலிருந்த பழைய முத்திரையைத் தேய்த்தழித்து, சற்றுக் கோணலாகப் புதிய முத்திரையைக் குத்தி, மேலே மீண்டும் நீலப்பூச்சு ஏற்றியிருந்தார்கள். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் உலோகம் லேசாகக் குழிந்திருப்பது தெரிகிறது. கடையில் நான் அதைச் செய்யவில்லை.

இதற்கெல்லாம் அளவுகோலே தேவைப்பட்டிருக்காது. 44 மேக்னம் தோட்டா 1955-இல் அறிமுகமானது. பழைய 1892 மாதிரியின் உற்பத்தி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுவிட்டது. அதே பெயரில் பிற்காலத்தில் வந்த மறுபதிப்புகள் வேறு; அவற்றில் மேக்னம் உண்டு. வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. என்னுடையது அவற்றின் வரம்புக்குள் அடங்கும் தொடக்ககால எண் என்பதால், கட்டணம் செலுத்திக் கடிதம் பெற்றேன். ஆலையை விட்டு வெளியேறியபோது அது 44-40.

கடிதத்தின் நகலையும் அச்சின் அளவுகளையும் கடைக்காரரின் முன் வைத்தேன். பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், அடுத்த கொள்முதலில் 200 டாலர் கழித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த கொள்முதலாம்! "அசல் 44 மேக்னம்" என்ற சொற்களை ரசீதில் எழுதித் தரும்படி வாங்கும்போதே கேட்டிருந்தால் என் கை ஓங்கியிருக்கும். அதில் அவர் எழுதியிருந்தது "பழைய கார்பைன்" என்பது மட்டுமே.

கார்பைனை இப்போது நான் சுடுவதில்லை. புதிய குழல் பொருத்தும் செலவைப் பெரியவர் கணக்கிட்டுச் சொல்லும்வரை அது பெட்டகத்தில் இருக்கும். எனக்குப் பின் யார் கையில் போனாலும் தெரியட்டும் என்று, வெடித்த இரண்டு கூடுகளையும் கடிதத்தின் நகலையும் ஒரு பையிலிட்டு லீவரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.