404 பக்கம் செஞ்சு தர்றேன்னு 14,500 ரூபாய் வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க. வெப்சைட் வச்சிருக்கவங்க படிங்க

கை நடுங்குது, ஆனா இன்னிக்கே எழுதிடணும். எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது.

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து கைத்தறிப் புடவைக்குன்னு சின்னதா ஒரு வெப்சைட் நடத்தறோம். ஒரு புடவை வித்துட்டா அந்தப் பக்கத்தை எடுத்துடுவோம். ஆனா அதோட லிங்க் வாட்ஸ்அப் குரூப்புகள்ல சுத்திக்கிட்டே இருக்கும். தட்டிப் பார்த்தா வெள்ளைத் திரையில 'நாட் ஃபவுண்ட்'. "கடையை மூடிட்டீங்களாக்கா?"ன்னு வாடிக்கையாளர்களே போன் போட்டுக் கேட்டாங்க. அதனாலதான் இல்லாத பக்கத்தைத் தேடி வந்தா காட்ட நல்லதா ஒரு 404 பக்கமும், சர்வர் படுத்தா காட்ட ஒரு 500 பக்கமும் செய்யலாம்னு முடிவு பண்ணோம்.

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடிச்சுத் தர்ற ஒரு தளத்துல ஒரு ஆள் கிடைச்சார். எல்லாம் அஞ்சு ஸ்டார். வீடியோ கால்ல ஸ்க்ரீன் காட்டினார் பாருங்க, மனசு நிறைஞ்சு போச்சு. எங்க லோகோ, "நீங்க தேடின புடவை வித்துப் போச்சு, இதே மாதிரி இதெல்லாம் இருக்கு"ன்னு அழகான தமிழ், கீழே தேடற பெட்டி, வாட்ஸ்அப் பட்டன். "அக்கா, உங்க கடையை என் கடையா நினைச்சு செய்யறேன். நீங்க தளத்துல அப்ரூவ் பண்ணாதான் நான் சர்வர்ல ஏத்த முடியும்"னார். அப்ரூவ் பண்ணேன். அந்த ஃப்ரீலான்ஸ் தளத்துல கட்டி வச்சிருந்த 14,500 ரூபாய் அந்த நிமிஷமே அவர் கைக்குப் போயிடுச்சு.

பார்க்க எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நம்ம வெப்சைட்டை கூகுள் எப்படிப் பார்க்குதுன்னு காட்டற கூகுள் சர்ச் கன்சோல்ல வரிசையா 'சாஃப்ட் 404'ன்னு வர ஆரம்பிச்சுது, அதாவது பக்கம் இல்லாத மாதிரி தெரியுது, ஆனா சர்வர் இருக்குன்னு சொல்லுதுன்னு அர்த்தம். என் அண்ணன் பையன் பிரவுசர்ல, சர்வர் என்ன பதில் சொல்லுதுன்னு காட்டற நெட்வொர்க் டேபைத் திறந்து காட்டினான். இல்லாத பக்கத்தைக் கேட்டா சர்வர் 404 சொல்லணும். எங்களது 302 சொல்லி வேற பக்கத்துக்குத் தள்ளுது, அந்தப் பக்கம் 200, அதாவது 'எல்லாம் நல்லா இருக்கு'ங்குது. காரணம் ஒரே வரி. எச்டிஅக்சஸ்ங்கற சர்வர் செட்டிங்ஸ் கோப்புல எரர்டாக்குமென்ட் 404-ங்கற கட்டளைக்குப் பக்கத்துல சாய்கோட்டுல (/) தொடங்கற உள் முகவரி போடாம, எச்டிடிபிஎஸ்னு தொடங்கற முழு முகவரியைப் போட்டிருக்கார். அப்படிப் போட்டா அப்பாச்சிங்கற சர்வர் மென்பொருள் வேற பக்கத்துக்கு ரீடைரக்ட்தான் பண்ணும், 404 அனுப்பவே அனுப்பாது. இது தெரியாதவருக்கா 14,500 ரூபாய்?

500 பக்கம் அதைவிட மோசம். டேட்டாபேஸ்ல இருந்து புடவைப் படம் எடுத்துக் காட்டற மாதிரி எழுதி வச்சிருக்கார். டேட்டாபேஸ் படுத்தா அந்தப் பக்கமும் சேர்ந்து படுக்கும். படுத்துச்சு, முகூர்த்த சீசன்ல. மறுபடி வெள்ளைத் திரை.

கேட்டா முதல்ல "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க அக்கா". அப்புறம் "கூகுள் அப்டேட் ஆக டைம் எடுக்கும்". அப்புறம் "உங்க ஹோஸ்டிங்ல பிரச்சினை". சர்வர் இடம் வாடகைக்குக் குடுக்கற ஹோஸ்டிங்காரங்க எங்க பக்கம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கடைசியில "எஸ்இஓ கரெக்‌ஷனுக்கு (கூகுள் தேடல்ல நல்லா வரவைக்கற வேலையாம்) இன்னொரு 4,000 ஆகும் மேடம்"னார். அதுவரைக்கும் அக்கா, அன்னில இருந்து மேடம்! தளத்துல புகார் போட்டா, அப்ரூவ் ஆன பணத்தைத் திருப்ப முடியாதுன்னு ஒரு ரெடிமேட் பதில் அனுப்பி டிக்கெட்டை மூடிட்டாங்க. 14,500 ரூபாய்ங்க. எத்தனை புடவை வித்தா அந்த லாபம் வரும்னு விக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

என்ன பண்ணணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. இதை மட்டும் பாருங்க. டிசைன் படத்தைப் பார்த்துப் பணத்தை விடாதீங்க, உங்க சர்வர்ல ஏத்தினதுக்கு அப்புறம் வாய்க்கு வந்த ஒரு முகவரியை அடிச்சு 404 வருதான்னு பார்த்துட்டுக் குடுங்க. 500 பக்கம் டேட்டாபேஸைத் தொடாத வெறும் எச்டிஎம்எல்லா இருக்கட்டும். உங்க ஹோஸ்டிங்கை நிர்வகிக்கற சிபேனல் இருந்தா அதுல 'எரர் பேஜஸ்'னு ஒரு இடம் இருக்கு, தனியா காசு இல்லை, முதல்ல அங்க போய்ப் பாருங்க. வேலை முடிஞ்சதும் பாஸ்வேர்டை மாத்திடுங்க.

நான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போறேன். அந்த ஆள் நேத்து ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிட்டார்.