ஐந்து ஆண்டுகள் ஒரு பள்ளி டைரியோடு: தொடக்கப்பள்ளி விதிமுறைகள் பற்றி ஒரு தாயின் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் என் மகள் இந்தக் கல்வியாண்டோடு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். 2021 ஜூனில் அவளைச் சேர்த்தபோது கொரோனா காரணமாகப் பள்ளி மூடிக் கிடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த பிறகுதான், பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய விதிமுறைகளை முன்பக்கங்களில் அச்சிட்ட டைரி எங்கள் கைக்கு வந்தது. பாடம் நடத்தும் முறையைப் பற்றியோ மதிப்பெண்களைப் பற்றியோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த டைரியில் இருந்த விதிகள் அன்றாட வாழ்க்கையில் எப்படி நடந்தன, எவை எங்களுக்குக் கைகொடுத்தன, எவை தொல்லையாக இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். வருகிற ஜூனில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எங்கள் வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். நான் தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திரும்ப இரவாகிவிடும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மாலையில் அழைத்து வருவதும், வீட்டுப்பாடம் எழுத உட்கார வைப்பதும் அவளுடைய பாட்டாவும் (தாத்தா) ஆச்சியும்தான். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று, பள்ளி நேரத்தில் பெற்றோர் வீட்டில் இல்லாத குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். ஆகவே ஒரு விதி நல்ல விதியா என்பதை நான் ஒரே கேள்வியால்தான் அளந்தேன்: மாலை நான்கு மணிக்குப் பிள்ளையோடு உண்மையில் இருக்கிறவரை மனத்தில் வைத்து அது எழுதப்பட்டிருக்கிறதா?

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, பிள்ளையை அழைத்துச் செல்ல உரியவர்கள் பற்றிய விதி. டைரியின் இரண்டாம் பக்கத்தில் மூன்று பேருடைய பெயர், உறவுமுறை, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவற்றை ஒட்டித் தலைமையாசிரியையின் கையொப்பம் வாங்க வேண்டும். அந்த மூவரைத் தவிர வேறு யார் வந்தாலும், பெற்றோரிடமிருந்து முன்கூட்டியே எழுத்தில் தகவல் வராமல் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஊருக்கு வந்திருந்த என் அண்ணன் அவளை ஆசையாக அழைத்து வரலாமென்று பைக்கில் போயிருக்கிறார். வகுப்பாசிரியை விடவில்லை. கடைக்கு எனக்குத் தொலைபேசி வந்தபோது, அண்ணன் அந்தப் பக்கத்தில் சத்தம் போடுவது கேட்டது: "சொந்த மாமன் வந்து நிக்கேன், பிள்ளைய விட மாட்டேங்கிறாங்க!" ஆசிரியை அமைதியாகச் சொன்ன பதிலும் கேட்டது: "மாமாவாத்தான் இருக்கும் சார். ஆனா டைரில பேரு இல்லியே." அதன் பிறகும் அவர் பிள்ளையை அனுப்பவில்லை, பாட்டா போன பிறகுதான் மூவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனுக்கு அன்று முகம் வாடிவிட்டது என்றாலும், அந்த ஆசிரியையின் மேல் எனக்கு ஏற்பட்ட நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை. ஆளைப் பார்த்து விதியைத் தளர்த்தும் பழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. பிள்ளையைச் சேர்க்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே என்பது என் கருத்து.

அடுத்தது டைரியில் தினமும் கையொப்பம் இடும் விதி. முதல் இரண்டு ஆண்டுகளில் இதன் பயனை நான் முழுமையாக அனுபவித்தேன். ஆசிரியை ஒவ்வொரு நாளும் ஒரு வரியாவது எழுதுவார்: "ழகரம் எழுதத் தடுமாறுகிறாள், இரண்டு வரி மட்டும் எழுதச் செய்யுங்கள்", "மதியம் சரியாகச் சாப்பிடவில்லை", "இன்று தானாக எழுந்து கதை சொன்னாள்". ஆச்சி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். பாட்டா கையொப்பம் இடுவார். நான் இரவில் வந்து பார்த்துக்கொள்வேன். பள்ளியில் நடந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் வாட்ஸ்அப் குழு வந்ததும் இந்த நிலை மாறியது. டைரியில் "வீட்டுப்பாடம் குழுவில்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் நாள்தோறும் இடம்பெறத் தொடங்கின. குழுவில் வரும் செய்தி என் தொலைபேசிக்கு வரும். நானோ கடையில் இருப்பேன். பிள்ளையோ வீட்டில் பாட்டாவோடு காத்திருப்பாள். பாட்டாவிடம் இருப்பது பட்டன் போன். எங்கள் வகுப்பில் ஒரு பையனுடைய வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அவன் அப்பாவோடு விசைப்படகில் போய்விடும். பல நாள் கழித்து அவர் கரை திரும்பும்போதுதான் செய்திகள் ஒட்டுமொத்தமாக வந்து விழும் என்று அவன் அம்மா பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். இரவு ஒன்பது மணிக்கு மேல், மறுநாள் காலையில் சார்ட் அட்டையும் தெர்மாகோலும் கொண்டுவர வேண்டும் என்று செய்தி வந்த நாட்களும் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும்? மறுநாள் பொருள் கொண்டுவராத பிள்ளைகள் வகுப்பில் எழுந்து நின்றார்கள். செய்தியைப் பார்க்காதவர் பெரியவர், நிற்க வேண்டியவர் பிள்ளை என்பது எந்த வகையில் நியாயம்? ஐந்து ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். குழுவைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல; மழை விடுமுறை போன்ற அவசரச் செய்திக்கு அது இன்றியமையாதது. ஆனால் வீட்டுப்பாடமும் கொண்டுவர வேண்டிய பொருட்களும் பிள்ளையின் பையோடு டைரியில் வர வேண்டும் என்றே பெற்றோர் கூட்டங்களில் தொடர்ந்து பேசினேன். நான்காம் வகுப்பு ஆசிரியை அதை ஏற்று, மறுநாள் தேவைப்படும் பொருளை மாலை மணி அடிக்கும் முன் பிள்ளைகளையே டைரியில் எழுத வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

வீட்டுப்பாடம் என்றதும் இன்னொன்று. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்றும், அவர்களுடைய பை ஒன்றரைக் கிலோவையும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களின் பை மூன்று கிலோவையும் தாண்டக் கூடாது என்றும் மத்திய அரசு 2018இல் சுற்றறிக்கை விட்டது பலருக்கு நினைவிருக்கலாம். நம் மாநிலத்தில் 2012-13 முதல் முப்பருவ முறையில் பாடநூல்கள் பிரித்து வழங்கப்படுவதால் புத்தகச் சுமை அவ்வளவாக இல்லை. தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் டியூஷன் நோட்டுகளும்தான் பையைக் கனக்கச் செய்கின்றன. மேலும், வீட்டுப்பாடம் இல்லையென்றால் பள்ளி சரியில்லை என்று சொல்லும் பெற்றோரே இங்கே அதிகம். ஆசிரியைகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்களோ என்று பல முறை எண்ணியிருக்கிறேன்.

காலை நேரத்துக்கு வருகிறேன். முதல் மணி, இரண்டாம் மணி, அதன் பின் கேட் அடைப்பு என்பது எல்லாப் பள்ளிக்கும் பொது. தொடக்கத்தில், இரண்டாம் மணிக்குப் பிறகு வரும் பிள்ளைகள் அசெம்பிளி முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை தானாகத் தாமதமாக வருவதில்லை. பால் வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு அவசரமாக ஓடி வரும் ஓர் அம்மாவின் தாமதத்துக்கு அவருடைய பிள்ளை வெயிலில் நிற்க நேர்ந்தது. பெற்றோர் பலர் சேர்ந்து கேட்டுக்கொண்ட பிறகு, பிள்ளை உடனே உள்ளே போகலாம், கொண்டுவந்து விட்டவர் பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுதிக் கையொப்பம் இட வேண்டும் என்று மாற்றினார்கள். இதன் பிறகு தாமதம் கூடவில்லை. குறைந்தது என்றே தலைமையாசிரியை கூட்டத்தில் சொன்னார். 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டதும், விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். விதியைக் கடுமையாக்கிச் சாதிக்க முடியாததைச் சூடான பொங்கலும் கிச்சடியும் சாதித்தன.

மழை பற்றிய விதிகள் எங்கள் மாவட்டத்தில் கூடுதல் முக்கியத்துவம் உடையவை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் எங்களுக்கு உண்டு. மாவட்ட ஆட்சியர் அறிவித்தால் மட்டுமே விடுமுறை. இல்லாவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் பள்ளி நடக்கும், வராத பிள்ளைக்கு மறுநாள் கடிதம் கேட்க மாட்டார்கள் என்பது எங்கள் பள்ளியின் விதி. பிந்திய பகுதி மிகுந்த கருணையோடு எழுதப்பட்டது. சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரை வழியாக நடந்து வரும் பிள்ளைகள் மழை நாட்களில் பெரியவர் துணையின்றி வரக் கூடாது என்றும், ஷூ நனைந்தால் செருப்பு போட்டு வரலாம் என்றும் டைரியிலேயே இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

விடுமுறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேரோட்டம், ஓணம் என்று எங்கள் மாவட்டத்துக்கென உள்ளூர் விடுமுறைகள் விடப்படும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி இருக்கும். எந்தச் சனிக்கிழமை என்பதைத் தேதியோடு எழுதி அனுப்பினால் பாட்டா மறக்காமல் நாட்காட்டியில் வட்டமிடுவார். வாய்மொழியாகப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பிய சனிக்கிழமைகளில் வகுப்பில் பாதிப் பேர்கூட இருப்பதில்லை.

உணவு விஷயத்தில் பள்ளி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்தது. பாக்கெட் தின்பண்டம் வேண்டாம். இடைவேளைக்கு மட்டிப்பழமோ, அவித்த பயறோ, நிலக்கடலையோ கொடுத்து விடுங்கள் என்றார்கள். மீன் கொண்டுவரக் கூடாது என்று சில பள்ளிகள் சொல்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே, ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முள் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தங்க நகை போட்டு அனுப்பக் கூடாது, பிறந்தநாளுக்கு கேக் வேண்டாம் என்பவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. அவற்றால் எங்களுக்குச் சிரமம் இருந்ததில்லை.

நோய் பற்றிய விதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பிறகே பிள்ளையை அனுப்ப வேண்டும். அம்மை போட்டால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே வர வேண்டும். பொன்னுக்கு வீங்கி வந்தால் மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் வருகை குறைந்ததாகப் பேச மாட்டோம் என்று உறுதியும் தந்திருந்தார்கள். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகளில் காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்துக்கும் இந்த விதி இடம் கொடுத்ததால், ஆச்சிக்கும் அதில் முழுத் திருப்தி.

கடைசியாக, டைரியில் இல்லாத ஓர் எதிர்பார்ப்பைப் பற்றி. பிள்ளையைச் சேர்க்க வரும் பெரியவர்கள் பலர், "கண்ண மட்டும் விட்டிருங்க டீச்சர், மத்தபடி எங்க அடிச்சாலும் நாங்க கேட்க மாட்டோம்" என்று ஆசிரியையிடம் சொல்வதை இன்றும் கேட்கிறேன். பாசத்தோடும் ஆசிரியர் மேல் கொண்ட மரியாதையோடும் சொல்வதுதான். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மனத்துன்பம் கொடுப்பதையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் அந்தத் தடை நீங்காது. தன்னை அடிக்கச் சொல்லித் தன் வீட்டாரே கேட்பதை, அருகில் நின்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் தலைமையாசிரியை அப்படிச் சொல்பவர்களை உட்கார வைத்து, "அடிக்க மாட்டோம், அடிக்காமலே படிப்பான்" என்று பிள்ளையின் முன்னாலேயே பதில் சொல்வார். இந்த வாக்கியம் விதிகளின் முதல் வரியாக அச்சிடப்பட வேண்டும்; குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்விக்கான 14417 ஆகிய உதவி எண்களும் பள்ளிச் சுவரில் இருப்பதுபோல டைரியின் அட்டையிலும் இருக்க வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க விண்ணப்பம் கொடுத்தபோது இதையும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் மறுநாளுக்கான வேலை எதையும் அனுப்பக் கூடாது என்பதையும் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு டைரி அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். என் இளைய மகன் ஜூனில் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்கிறான். அழைத்துச் செல்ல உரியவர்களின் பக்கத்துக்காகப் பாட்டாவும் ஆச்சியும் புதிதாகப் புகைப்படம் எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் இம்முறை அண்ணனின் பெயர்.