ஜிப்சம் போர்டு கோணலாக இருந்தால்: பட்டியில் மறைப்பதா, கழற்றி மாட்டுவதா?

வடசென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள், உப்புப் பூத்துப் பொரிந்த சுண்ணாம்புச் சுவரை மறைக்கவும், மர விட்டங்களின் மேல் செங்கல் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரையின் விட்டங்களுக்குக் கீழே மின்கம்பிகளைக் கொண்டுபோகவும் இப்போது ஜிப்சம் போர்டை, அதாவது இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையை, நாடுகிறார்கள். போர்டு மாட்டியவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் விட்டுச்சென்ற மேடு பள்ளங்களைப் பார்த்து, அடுத்து வரும் பெயின்டர், “எல்லாம் பட்டியில் மறைந்துவிடும் சார்” என்பார்; பட்டி என்பது பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமன்செய்யப் பூசும் மெல்லிய பூச்சு. தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி அறைகளில் அதே உறுதிமொழி கிடைத்தபோது வேலையை ஒரு வாரம் நிறுத்தி வைத்து, பட்டி பார்ப்பது, மறுபடி ஸ்க்ரூ அடிப்பது, மேலே இன்னொரு அடுக்கு மாட்டுவது, முழுவதும் கழற்றி மாட்டுவது என்ற நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன்.

எந்த வழியானாலும், போர்டு அசைகிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். ஸ்க்ரூ வரிசையை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தும்போது பலகை உள்ளே போய்த் திரும்பினால், அது தன்னைத் தாங்கும் உலோகச் சட்டமான சேனலோடு ஒட்டி நிற்கவில்லை என்று பொருள். ஆறடி அலுமினியப் பட்டையை இணைப்பின் குறுக்கே வைத்தால் ஏற்றத்தாழ்வு தெரியும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், பகலில் கண்ணுக்குத் தப்பிய பள்ளமும் நிழலாக விழும்.

இடைவெளிகளை அடைத்துப் பட்டி பார்ப்பதே இந்த நான்கு வழிகளிலும் மலிவானது; போர்டு அசையாமல் நின்றால் அதில் தவறும் இல்லை. 3 மி.மீ.க்கு மேற்பட்ட இடைவெளியை, தண்ணீர் சேர்த்ததும் இறுகும் ஜிப்சம் தூள் கலவையால் அடைத்து, அது கெட்டியான பிறகே இணைப்பின் மீது டேப் ஒட்ட வேண்டும். டப்பாவில் கலந்தே வரும் கலவை காயும்போது சுருங்குவதால் ஆழமான பிளவுக்கு உதவாது. வெட்டிய ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் டேப் புதைவதற்காகத் தொழிற்சாலையிலேயே ஓரத்தில் விடப்படும் சரிவு இருக்காது என்பதால் டேப் மேடாகத் தெரியும். இருபுறமும் ஓரடி அகலத்துக்குக் கலவையை மெலிதாக இழுத்துவிட்டால்தான் அது கண்ணுக்குப் படாது. எங்கள் வீட்டிலோ ஒரு பலகை அடுத்ததைவிட 4 மி.மீ. துருத்தி நின்றது. மேலே பூசப்படும் ஜிப்சம் பூச்சே 2 அல்லது 3 மி.மீ.தான் என்பதால் அதில் இது மறையாது. சிமென்ட் கலவையைத் தடிப்பாகப் பூசிச் சமன்செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. போர்டின் காகிதத்தில் அது சரியாகப் பிடிக்காது, ஈரம் பட்டால் சிமென்ட்டும் ஜிப்சமும் வினைபுரிந்து பூச்சு விட்டுவிடும் என்பதால் மறுத்துவிட்டேன்.

என் கணிப்பில், செலவழிக்கும் பணத்துக்கு அதிகப் பலன் தருவது போர்டைக் கழற்றாமல் மறுபடி ஸ்க்ரூ அடிப்பதுதான். ஸ்க்ரூவின் தலை காகிதத்தைச் சிறிது அழுத்தி உள்ளே போக வேண்டும்; காகிதத்தைக் கிழித்துப் போனால் அந்த ஸ்க்ரூ எதையும் தாங்குவதில்லை, ஆகவே அதை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் புதியதை அடிக்க வேண்டும். 12.5 மி.மீ. போர்டுக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போதும், கூரையில் ஏறத்தாழ 9 அங்குலத்துக்கு ஒன்று, சுவரில் ஓரடிக்கு ஒன்று. எங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் இரண்டடிக்கு ஒன்று என்று தாராளமாக விட்டிருந்தார். வெட்டிய ஓரத்திலிருந்து 15 மி.மீ.யாவது உள்ளே தள்ளி அடிக்காவிட்டால் ஓரம் உதிரும். காசிமேட்டுக் கடற்காற்று வீசும் இந்தப் பக்கத்தில் கறுப்பு ஸ்க்ரூவைவிடத் துத்தநாகம் பூசியதை வாங்குவது நல்லது. துரு ஏறினால் வெள்ளைப் பெயின்ட்டையும் மீறிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். உடைந்த மூலைகளைச் சதுரமாக வெட்டி எடுத்து, பின்னால் ஒரு துண்டுச் சேனல் கொடுத்துப் புதுத் துண்டை வைக்கலாம்.

கோணல் போர்டின் மீதே இரண்டாவது அடுக்கு மாட்டுவது தூசி குறைந்த வேலை என்றாலும், கூரையில் அதை நான் ஏற்கவில்லை. சதுர மீட்டருக்கு 8 கிலோவுக்கு மேல் எடை கூடும். ஏற்கெனவே தொய்ந்த சேனல் அதையும் சுமக்க வேண்டும். சுவரிலும் சுவிட்ச் பெட்டிகள் உள்ளே புதைந்துபோகும்.

முழுவதும் கழற்றுவது சேனலே மட்டம் தவறியிருந்தாலோ, பின்னால் ஓதம் இருந்தாலோ மட்டும் தேவைப்படுகிறது. கழற்றும்போது பாதிப் பலகைகளாவது உடையும் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கூரையில் துருத்திய இரண்டு பலகைகளை மட்டும் இறக்கி, சேனலைச் சமப்படுத்தி மாட்டினோம். மற்றவற்றுக்கு ஸ்க்ரூவும் டேப்பும் போதுமானவையாக இருந்தன. ஆனால் தெருவை ஒட்டிய சுவரில் ஒரு போர்டைக் கழற்றியபோது அதன் பின்பக்கக் காகிதம் ஊறிக் கறுத்திருந்தது. அந்தச் சுவரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மொட்டை மாடி வடிகுழாயின் கசிவை அடைத்து, வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் உலரும்வரை செங்கல்லை வெறுமனே விட்டிருக்கிறோம்.