வயர் இல்லாமல் வீஆர்: ஏர் லிங்க், ஸ்டீம் லிங்க், வர்ச்சுவல் டெஸ்க்டாப் – கொழும்பு வீட்டுக்கு எது சரிவரும்?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் போன மாதம் அழைத்தான். லண்டனிலிருந்து லீவுக்கு வந்த அவனுடைய அக்கா மெட்டா குவெஸ்ட் 3 என்ற வீஆர் (மெய்நிகர்) ஹெட்செட் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கணினியில் ஓடும் கேமை வயர் இல்லாமல் அதில் விளையாடப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம். தலையைத் திருப்பும்போது ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிகிறதாம். பத்து நிமிடத்தில் தலைசுற்று. "மச்சான், 300 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பேக்கேஜுக்கு மாறினா சரிவருமா?" என்று கேட்டான்.

வராது. கேம் ஓடுவது உங்கள் கணினியில். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பிரேமையும் வீடியோவாகச் சுருக்குகிறது, ரவுட்டர் அதைக் காற்றில் அனுப்புகிறது, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. 90 ஹெர்ட்ஸ் என்றால் 11 மில்லிசெகண்டுக்கு ஒரு புதுப் படம் வந்தாக வேண்டும். இவ்வளவும் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிகிறது. 150 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் விளையாடினால் 67 ஜிபிக்கு மேல் கைமாறும். ஆனால் அதில் எதுவும் உங்கள் டேட்டா கணக்கில் விழாது. பேக்கேஜுக்குக் கூடுதலாகக் கட்ட நினைக்கும் காசுக்கு ஒரு தனி ரவுட்டர் வாங்குங்கள் என்பதுதான் என் முதல் பதில். கணினியின் படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் மூன்று ஆப்களில் எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில். ஃபோனில் வைஃபை அனலைசரைத் திறந்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் பெயர்கள் திரை நிறைய வரிசை கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸை இதற்கு நினைத்தே பார்க்க வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைந்த சேனலாகப் பார்த்து 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைக்க வேண்டும்.

முதல் வழி, இணைய நிறுவனம் தந்த ரவுட்டர். அது பெரும்பாலும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு செங்கல் சுவர் தாண்டி அறைக்குள் வரும்போது சிக்னல் பாதியாகிவிடும். அதே நேரம் அம்மா நாடகம் பார்ப்பார், தங்கச்சி வீடியோ காலில் இருப்பாள். கணினியின் மொபைல் ஹாட்ஸ்பாட் இரண்டாவது வழி. காசு செலவில்லை, வைஃபை கார்டு நன்றாக இருந்தால் கேமும் ஓடும். ஆனால் இணைந்திருக்கும் கருவி எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் அதைத் தானாக நிறுத்திவிடும். அந்த செட்டிங்கை அணைத்து, பேண்டை 5 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றிவிட வேண்டும். லேப்டாப்பில் தற்காலிகமாகச் செய்துபார்க்க இது போதும், அதற்கு மேல் நம்பமாட்டேன்.

மூன்றாவதுதான் நான் சொல்லும் வழி. விளையாடும் அறைக்குள்ளேயே ஒரு வைஃபை 6 ரவுட்டர், அதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (ஹால் ரவுட்டரின் நெட்வொர்க்கையே வைஃபையாகத் தரும் முறை) போடுங்கள். கணினி அதனோடு வயரில், ஹெட்செட் மட்டும் காற்றில். கணினியும் வைஃபையில் இருந்தால் அதே காற்றில் படம் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேதான். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள், அதற்குத் தட்டையான கேட் 6 நெட்வொர்க் வயர் கிடைக்கிறது. கதவுக்கு அடியால் போகும், கால் தட்டாது.

வயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இரண்டு வாரம் மூன்று ஆப்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதில் போட்டாலும் கொஞ்சம் அசைவு கூடிய காட்சி வந்தவுடன் படம் சேறாகும். கடைசியில் விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் என்ற வரியைப் பார்த்தேன்: 100/100 எம்பிபிஎஸ். அங்கே 1000/1000 இருக்க வேண்டும். பழைய வயர், முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, உள்ளே ஒரு கம்பி சரியாகத் தொடாமல் இருந்திருக்கிறது. புது வயர் போட்ட அன்று இரவே எல்லாம் வடிவாக ஓடியது. மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். வாங்கும்போது கிகாபிட் போர்ட் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள்.

சரி, இனி ஆப்களுக்கு வருவோம்.

ஏர் லிங்க் 2021 ஏப்ரலில் குவெஸ்ட் 2க்கு வந்தது. மெட்டாவின் சொந்த வழி, இலவசம், ஹெட்செட்டிலேயே இருக்கிறது. கணினியில் மெட்டாவின் மென்பொருளை நிறுவ வேண்டும், விண்டோஸ் மட்டும்தான். மெட்டாவின் பிசி ஸ்டோரில் வாங்கிய கேம்களுக்கு இது நேரடி வழி. ஆனால் ஸ்டீம் என்ற கடையில் வாங்கிய கேமை விளையாடும்போது மெட்டாவின் அடுக்கு ஒன்று, அதன்மேல் ஸ்டீமின் வீஆர் மென்பொருளான ஸ்டீம்விஆர் ஒன்று என்று இரண்டு சுமை. நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது பாரம். பிரச்சினை வந்தால் எங்கே தாமதம் என்று கண்டுபிடிக்கவும் இலேசில் முடியாது.

ஸ்டீம் லிங்க் குவெஸ்டுக்கு 2023 இறுதியில் வந்தது. இதுவும் இலவசம். கணினியில் ஸ்டீமும் ஸ்டீம்விஆரும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். படத்தின் நடுப்பகுதிக்குக் கூடுதல் தரம் கொடுத்து ஓரங்களைக் குறைத்து அனுப்புகிறது. நேரே பார்க்கையில் நன்றாக இருக்கும். கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்பினால் எழுத்துகள் மங்கும். விமானத்தின் காக்பிட்டில் மீட்டர் பார்ப்பவருக்கு அது உறுத்தும்.

வர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டும், அதுவும் டொலரில். ஆனாலும் நான் தினமும் திறப்பது இதைத்தான். முதல் காரணம், இதன் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே. கேம், என்கோடிங் (சுருக்குவது), நெட்வொர்க், டீகோடிங் (விரிப்பது) ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் என்று கண்முன்னே எழுதிக்காட்டும். என் வீட்டில் நெட்வொர்க் 5, 6இல் நிற்கும். ஹால் ரவுட்டரில் இருந்த காலத்தில் தங்கச்சி கால் எடுத்தவுடன் அது 40க்குத் தாவும். நோய் எங்கே என்று தெரிந்தால் மருந்து சுலபம். இரண்டாவது, விடிஎக்ஸ்ஆர் என்ற அதன் சொந்த ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைம், அதாவது ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரத்தில் எழுதிய கேமை ஹெட்செட்டோடு பேசவைக்கும் மென்பொருள். ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற ஓபன்எக்ஸ்ஆர் கேம்கள் ஸ்டீம்விஆரைத் தொடாமலே ஓடும். என் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. 2020இல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் போன்ற, ஸ்டீம்விஆரின் சொந்தத் தரமான ஓபன்விஆரில் எழுதிய கேம்களுக்கு இந்த லாபம் இல்லை, அவை ஸ்டீம்விஆர் வழியாகத்தான் போகும். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வசதியும் நிறைய. ஏவி1 என்ற கோடெக் வேண்டுமென்றால் ஹெட்செட் குவெஸ்ட் 3 அல்லது 3எஸ் ஆகவும், என்விடியா கார்டு என்றால் 40 வரிசை அல்லது அதற்குப் பின் வந்ததாகவும் இருக்க வேண்டும். குவெஸ்ட் 2 வைத்திருப்பவர் எச்265இல் போடலாம்.

வர்ச்சுவல் டெஸ்க்டாப்பை வாங்கும்போது ஹெட்செட்டில் இருக்கும் மெட்டா ஸ்டோரிலேயே வாங்குங்கள். ஸ்டீமில் கிட்டத்தட்ட அதே பெயரில் விற்பது வேறு பொருள். குவெஸ்டுக்குக் கேம் அனுப்பாது. மெட்டா ஸ்டோரில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதால் பயமில்லாமல் சோதிக்கலாம்.

லினக்ஸ்காரர்களுக்கு இதே வேலைக்கு ஏஎல்விஆர் என்ற ஆப் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம். செட்டிங்குகளோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். ஹெட்செட்டைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி வயர் நிலையானதுதான், உட்கார்ந்து விளையாடும் பந்தயக் கேமுக்கு இன்றும் நல்லது. நின்று திரும்பும் கேமில் காலைச் சுற்றும்.

இன்னொன்று, கொழும்பின் புழுக்கத்தில் அரை மணியில் லென்ஸ் பனிக்கும். ஒரு ஸ்டாண்ட் ஃபேனை முன்னால் வையுங்கள். வியர்வையும் குறையும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றும் தெரியும். சுவரில் கை இடிப்பது அதோடு நின்றது எனக்கு.

நண்பன் பேக்கேஜை மாற்றவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு வைஃபை 6 ரவுட்டரும் பத்து மீட்டர் தட்டை வயரும் வாங்கினான். ஞாயிறு பின்னேரம் இரண்டு பேருமாகக் கதவுக்கு அடியால் வயரை இழுத்து, லிங்க் ஸ்பீட் 1000 என்று வந்த பிறகுதான் ஹெட்செட்டைக் கையில் எடுத்தோம். இப்போதைக்கு ஸ்டீம் லிங்க். ஃப்ளைட் சிமுலேட்டர் டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் வர்ச்சுவல் டெஸ்க்டாப் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.